மாமாவோட புல்லட்டும் என்னோட எக்செல் ஷீட்டும்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். அதுவும் இல்லாம எழுதுற மாதிரி ஒண்ணும் நடக்கல. இப்ப நடந்திருக்கு. கொஞ்சம் நீளமான பதிவு, டீ போட்டு வச்சுக்கிட்டு உக்காருங்க.

2025 கிறிஸ்துமஸ் லீவுக்கு தங்கமணி ஊருக்குப் போயிருந்தோம். வரதராஜன்பேட்டை. அரியலூர் மாவட்டம், ஆண்டிமடத்துக்குப் பக்கம். ஊரைச் சுத்தி செம்மண்ணு, முந்திரிக்காடு. டிசம்பர் மாசம் ஆனா வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கும். மாப்ளைங்கற மரியாதைக்கு காலையில எழுந்ததுல இருந்து ராத்திரி வரைக்கும் ஏதாவது வாயில போட்டுக்கிட்டே இருக்கணும். (அந்த மரியாதை சென்னையில நம்ம வீட்டுல கிடையாதுங்கறது வேற விஷயம்.)

ரெண்டாவது நாள் தங்கமணியோட பெரியம்மா வீட்டுக்குப் போனோம். எனக்கு அத்தை முறை. மாமா 2019-ல தவறிட்டார். முந்திரி வியாபாரம் பாத்தவர். வீட்டுக்குப் பின்னாடி கொட்டை மூட்டை அடுக்குற கொட்டகை ஒண்ணு உண்டு. கை கழுவப் பின்பக்கம் போனவன், அந்தக் கொட்டகையில சாக்குக்கு அடியில ஒரு ஹெட்லைட் எட்டிப் பாக்கறதப் பாத்துட்டேன். ஹெட்லைட்டுக்கு மேல ரெண்டு பக்கமும் சின்னதா ரெண்டு பைலட் லைட். புலிக்கண்ணு மாதிரி. அதப் பாத்ததும் கை கழுவுறது மறந்து போச்சு.

சாக்கை இழுத்தா... புல்லட்டு. பழைய 350. ஒரு பக்க டூல் பாக்ஸ் மூடி இல்ல. சீட்டுக்குள்ள எலி குடும்பம் நடத்தியிருக்கு. சைலன்ஸர் அடியில ஓட்டை. பின் டயர் காத்து இல்லாம மண்ணோட மண்ணா ஒட்டிக் கிடக்கு. ஆனா முன்னாடி நம்பர் பிளேட்டுக்கு மேல மஞ்சப் பெயிண்ட்ல யாரோ கையால எழுதின "அடைக்கல மாதா துணை" மட்டும் அப்படியே பளிச்சுன்னு இருந்துச்சு. வருஷா வருஷம் ஏலாக்குறிச்சி கோயிலுக்கு மாமா இதுலதான் போவாராம்.

"அந்தச் சனியன எதுக்கு மாப்ள தொடுறீங்க, வெள்ளச் சட்டை"ன்னு அத்தை வந்து நின்னாங்க.

"அத்தை, இது ஓடுமா?"

"அவருக்கு முட்டி வலி வந்தப்புறம் மிதிக்க முடியலன்னு 2017-ல கொண்டாந்து நிறுத்தினாரு. அப்ப நிறுத்தினதுதான். போன மாசம் காயலான் கடைக்காரன் வந்து எட போட்டு எடுத்துக்கறேன்னான். நாலாயிரத்தி ஐந்நூறு தர்றானாம். உங்களுக்கு வேணும்னா ஐயாயிரம் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க. கொட்டகையில எடமாவது ஆகும்."

ஐயாயிரம்! எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கிச்சு. தங்கமணி முகத்தப் பாத்தேன். அவ என் முகத்தப் பாத்துட்டா. பதினாலு வருஷக் குடித்தனம், அவளுக்குத் தெரியாதா என்ன.

*

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

புல்லட்டு பொறந்தது இங்கிலாந்துல. நம்ம நாட்டு ராணுவத்துக்கும் போலீசுக்கும் எல்லைக் காவலுக்கு வண்டி வேணும்னு மொத்தமா ஆர்டர் போனதுல இருந்துதான் இந்தக் கதை இந்தியாவுல தொடங்குது. 1955-ல மெட்ராஸ் மோட்டார்ஸோட கூட்டு சேந்து என்ஃபீல்டு இந்தியா கம்பெனி ஆரம்பிச்சாங்க. திருவொற்றியூர்ல ஃபேக்டரி. முதல்ல அங்கேருந்து பாகம் பாகமா வந்தத இங்க பூட்டினாங்க, அப்புறம் எல்லாத்தையும் இங்கயே செய்ய ஆரம்பிச்சாங்க. 1970-ல இங்கிலாந்துல தயாரிப்பே நின்னு போச்சு. நம்ம திருவொற்றியூர்ல நிக்கல. 1977-ல இங்கேருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி பண்ணாங்க. பெத்தவங்க மறந்துட்ட புள்ளைய வளத்து ஆளாக்கி அவங்க வீட்டுக்கே விருந்தாளியா அனுப்பின கதை.

இதுல நமக்கு என்ன லாபம்னா, அந்த ஒரே டிசைன அம்பது வருஷம் போல பெருசா மாத்தாம ஓட்டினாங்க. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சிசி. அதனால பழைய புல்லட்டுக்கு உதிரி பாகம் கிடைக்கலங்கற பேச்சே இல்ல. சென்னையில ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்லயோ புதுப்பேட்டையிலயோ ஒரு சுத்து சுத்தினா ஒரு முழு வண்டியையே துண்டு துண்டா வாங்கிரலாம். இதே யெஸ்டின்னா மைசூர் ஃபேக்டரி 1996-ல மூடியாச்சு. ராஜ்தூத் 350 தயாரிச்சதே கொஞ்ச வருஷம்தான், அதுக்கு ஒரு சின்ன சாமான் தேடி நாய் மாதிரி அலையணும். அந்த வகையில புல்லட்டு பாவப்பட்டவனுக்கும் கட்டுப்படியாகுற பழைய வண்டி. அப்படித்தான் நானும் நினைச்சேன்.

*

மறுநாள் காலையில ஜெயங்கொண்டத்துல இருந்து ஒரு மெக்கானிக் பாயைக் கூட்டிட்டு வந்தேன். வயசு அறுபது இருக்கும். புல்லட்டு மட்டும்தான் தொடுவார். வந்தவர் என்ஜினைப் பாப்பார்னு பாத்தா, முதல்ல கேட்டது "ஆர்சி புக் எங்க?"

அத்தை பீரோவுல இருந்து ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்துட்டு வந்தாங்க. அதுக்குள்ள ஆர்சி. 1978 ஜூன். திருச்சியில பதிவு. மூணு எழுத்து, நாலு நம்பர் போட்ட பழைய பிளேட்டு.

மக்களே, அந்த ஆர்சியில விழுந்திருந்த சீலுங்களையும் கூட இருந்த ரசீதுங்களையும் வச்சே ஒரு சரித்திரம் எழுதலாம். வண்டி வாங்கினப்ப இந்த ஊரு திருச்சி மாவட்டம். 1995-ல பெரம்பலூர் மாவட்டம் ஆச்சு. 2001-ல அரியலூர் மாவட்டம். அடுத்த வருஷமே திரும்பப் பெரம்பலூரோட சேத்துட்டாங்க. 2007 நவம்பர்ல மறுபடியும் அரியலூர். வண்டி என்னமோ ஒரே கொட்டகையிலதான் நின்னுச்சு, மாவட்டம்தான் அதச் சுத்திச் சுத்தி வந்திருக்கு :-)

பாய் ஒரு துணியில மண்ணெண்ணெய் தொட்டு, கிராங்க்கேஸ்ல இருக்கற நம்பரையும், ஹேண்டில்பார் கழுத்துல அடிச்சிருக்கற சேஸிஸ் நம்பரையும் தேய்ச்சுத் தேய்ச்சுப் படிச்சார். ஆர்சியோட ஒவ்வொரு எழுத்தா ஒப்பிட்டார். அப்புறம்தான் நிமிர்ந்து, "இப்ப வண்டியப் பாக்கலாம்"னார்.

"ஏன் பாய், முதல்ல இது?"

"தம்பி, பிஸ்டன் போனா வேற போடலாம். டேங்க் போனா வேற வாங்கலாம். நம்பர் போனா என்ன பண்ணுவீங்க? நம்பர் ஒத்து வரலன்னா இது வண்டி இல்ல, இரும்பு. காயலான் கடைக்காரன் சொன்ன வெலதான் சரி."

அவர் பாத்த வரிசைய அப்படியே எழுதறேன், உங்கள்ல யாருக்காவது உதவும்.

ஆர்சிக்கு அடுத்து சேஸிஸ். பின்னாடி பத்தடி தள்ளி உக்காந்து ரெண்டு சக்கரமும் ஒரே கோட்டுல இருக்கான்னு ஒரு கண்ண மூடிக்கிட்டுப் பாத்தார். பட்டறையில வளைச்சோ வெல்டிங் வச்சோ இருந்தா அங்கயே வேணாம்னு சொல்லியிருப்பாராம். அப்புறம் கிராங்க்கேஸ். ஓடும்போது செயின் அறுந்து சுருண்டு அடிச்சு விரிசல் விட்டிருக்கான்னு விரலால தடவிப் பாத்தார். இல்ல. அடுத்து டேங்க். மூடியத் திறந்து மோந்து பாத்தார், டார்ச் அடிச்சுப் பாத்தார். உள்ள செங்கல் பொடி மாதிரி துரு. "இது பரவால்ல, கழுவிரலாம். வெளிய பளபளன்னு இருந்து அடியில ஊசி ஓட்டை இருந்தாத்தான் தொல்லை."

இப்ப பம்புல வர்ற பெட்ரோல்ல நூத்துக்கு இருபது பங்கு எத்தனால் இல்லையா, அது ஈரத்த இழுக்கும். இந்த மாதிரி நிறுத்தி நிறுத்தி ஓட்டற வண்டிக்கு டேங்க் சீக்கிரம் துருப்பிடிக்கும், பழைய ரப்பர் ட்யூபெல்லாம் ஊறிப் போகும். அதனால ரப்பர் சாமான் அத்தனையும் மாத்தியே ஆகணும்னார்.

கடைசியாத்தான் கிக்கர். ஏறி நின்னு மிதிச்சார். அசையல. டிகம்ப்ரஸரப் பிடிச்சு மிதிச்சார். அப்பவும் கல்லு மாதிரி நின்னுச்சு.

"பிஸ்டன் பிடிச்சுக்கிச்சு. பிளக்கைக் கழட்டி அந்த ஓட்டை வழியா டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஊத்தி வைங்க. மூணு நாள் ஊறட்டும். டாப் கியர்ல போட்டு பின் சக்கரத்த முன்னும் பின்னும் ஆட்டுங்க. கிக்கர மட்டும் மிதிக்காதீங்க, பல்லு போயிரும்."

திண்ணையில உக்காந்து அத்தை குடுத்த டீயக் குடிச்சுக்கிட்டே கணக்கு சொன்னார். நான் செல்போன்ல எக்செல் ஷீட்டத் திறந்தேன். (ஆணி புடுங்கறவன் புத்தி எங்க போகும்.)

என்ஜின் போரிங், பிஸ்டன், கனெக்டிங் ராட், வால்வு, பேரிங்: 19,000
கிளட்ச், கியர்பாக்ஸ், செயின், ஸ்ப்ராக்கெட்: 7,000
டயர், ட்யூப், ரிம், ஸ்போக்ஸ்: 11,000
வயரிங், பேட்டரி, லைட்: 6,500
குரோம் பூச்சு: 8,000
டேங்க் டிங்கரிங், பெயிண்ட், தங்கக் கோடு: 9,500
சீட், கேபிள், பிரேக் ஷூ, சில்லறைச் சாமான்: 6,000
கூலி: 12,000

மொத்தம் 79,000.

"பண்ணி முடிச்சா என்ன வெல போகும் பாய்?"

"பேப்பர் கரெக்டா இருந்தா ஒண்ணே கால் லட்சம் கண்ண மூடிட்டு வாங்குவான்."

"இப்ப இருக்கற மாதிரியே வித்தா?"

பாய் உள்ள திரும்பிப் பாத்தார். அத்தை அடுப்படியில இருந்தாங்க. குரலத் தாழ்த்தி, "நாப்பது. எழுவத்தெட்டு மாடல், நம்பர் ஒத்து வருது, ஒரே ஓனர். நாப்பதுக்குக் கம்மியா யாரும் குடுக்க மாட்டான்"னார்.

*

பேப்பர் கதை தனிக் கதை. மறுநாள் அரியலூர் வரைக்கும் போய் விசாரிச்சுட்டு வந்தேன்.

சொந்த உபயோக வண்டிக்கு ஆர்சி பதினஞ்சு வருஷம். அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா வண்டியக் காட்டிப் புதுப்பிக்கணும். மாமா 1993-ல இருந்து தவறாம புதுப்பிச்சிருக்கார். கடைசியா 2013-ல. அது 2018 ஜூன்ல முடிஞ்சு போச்சு. 2013-ல புதுப்பிச்சதால நல்ல வேளையா கம்ப்யூட்டர்ல நம்பர் ஏறியிருக்கு. வாகன் தளத்துல போட்டா மாமா பேரு வருது. ஏறாத வண்டியா இருந்தா அதுக்கு ஒரு தனி அலைச்சல்.

புதுப்பிக்கற கட்டணம் முன்னாடி வெறும் முந்நூறு. 2022 ஏப்ரல்ல ஆயிரம் ஆக்கினாங்க. 2025 ஆகஸ்ட்ல இருபது வருஷம் தாண்டின டூவீலருக்கு ரெண்டாயிரம்னு ஆக்கிட்டாங்க. அது போகட்டும். தாமதமானா மாசத்துக்கு முந்நூறு கூடுதல். 2018 ஜூன்ல இருந்து 2025 டிசம்பர் வரைக்கும் தொண்ணூறு மாசம். முழுசா கட்டச் சொன்னா இருபத்தேழாயிரம்! கட்டணம், பசுமை வரி, போக்குவரத்து, ஜெராக்ஸ் எல்லாம் சேத்து முப்பதாயிரம்னு ஷீட்ல போட்டேன்.

அம்பது வருஷம் தாண்டின வண்டிக்கு 2021-ல விண்டேஜ்னு தனிப் பதிவு கொண்டு வந்தாங்களே, அதுல போகலாமான்னு பாத்தேன். புதுப் பதிவுக்கு இருபதாயிரம். ஆனா கண்காட்சி, பேரணின்னு அந்த மாதிரி விசேஷத்துக்குத்தான் ரோட்டுல எடுக்கலாம், தினப்படி ஓட்டக் கூடாது. அதுவும் இது 1978 மாடல், 2028-லதான் அம்பது முடியுது. அப்பீட்டு.

இதுக்கு மேல, ஓனர் உயிரோட இல்ல. இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ் வச்சு ஃபார்ம் 31 போட்டு முதல்ல அத்தை பேருக்கு மாத்தணும். அதுக்கப்புறம் ஃபார்ம் 29, 30 போட்டு என் பேருக்கு. புதுப்பிக்க ஃபார்ம் 25. வண்டிய நேர்ல கொண்டு போய்க் காட்டணும். காட்டணும்னா ஓடணும். ஓடணும்னா செலவு பண்ணணும். அதாவது வண்டி ஓடினாத்தான் பேப்பர், பேப்பர் இருந்தாத்தான் வண்டி. இறந்து போன ஒருத்தர் பேர்ல இருக்கற வண்டிக்கு முக்கால் லட்சத்துக்கு மேல செலவு பண்ணிட்டு அப்புறமா எனக்குச் சொந்தமாகுமான்னு காத்திருக்கணும். என்ன கொடுமை சார் இது!

*

அன்னைக்கு ராத்திரி மாடியில கொசுவ அடிச்சுக்கிட்டே ஷீட்ட முடிச்சேன்.

வண்டி 5,000. ரிப்பேர் 79,000. பேப்பர் 30,000. ஆக மொத்தம் 1,14,000. வித்தா 1,25,000. பதினோராயிரம் லாபம். விக்கப் போறதில்ல, ஆனாலும் தங்கமணிகிட்ட சொல்ல ஒரு நம்பர் வேணுமே. பெருமையா ஷீட்டக் காட்டினேன்.

அவ கண்ணாடியப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியாப் பாத்தா. "ஓடாத வண்டிக்கு ஒரு லட்சமா"ன்னு ஆரம்பிப்பான்னு நினைச்சேன். அதுக்குப் பதில் தயாரா வச்சிருந்தேன். அவ கேக்கல.

"ரிம்முக்கும் டயருக்கும் பதினோராயிரம். பெரியம்மாவுக்கு அஞ்சாயிரமா?"

அவ்வளவுதான் கேட்டா. போர்வைய இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்கிட்டா.

எனக்குத் தூக்கம் போச்சு. பிஸ்டன் என்ன வெலைன்னு பாய்கிட்ட ரெண்டு தடவ கேட்டு எழுதினவன், குரோமுக்கு எவ்வளவுன்னு பேரம் பேசினவன், அத்தை வாயில இருந்து வந்த ஐயாயிரத்த மட்டும் எந்தக் கேள்வியும் கேக்காம அப்படியே முதல் வரியில போட்டுக்கிட்டேன். பாய் நாப்பதுன்னு சொன்னப்புறமும் அந்தக் கட்டத்த மாத்தல. அத்தைக்குத் தெரியாதுங்கறது எனக்கு வசதியா இருந்துச்சு.

எழுந்து உக்காந்து ஐயாயிரத்த அழிச்சுட்டு நாப்பதாயிரம்னு போட்டேன். மொத்தம் 1,49,000. ஒண்ணே கால் லட்சத்துக்குத்தான் போகும்னா இருபத்தி நாலாயிரம் நஷ்டம். அப்பதான் உறைச்சுச்சு. பதினோராயிரம் லாபம்னு நான் காட்டினது வண்டியில இருந்து வரல. மொத்தமும் அத்தையோட பணம். அவங்க ஏமாந்தா எனக்கு லாபம், ஏமாறலன்னா நஷ்டம். இந்த வண்டி வாங்கலாமா வேண்டாமாங்கற கேள்வி மொத்தமும் அந்த ஒரு கட்டத்துலதான் இருந்திருக்கு.

புல்லட்டுன்னு இல்ல மக்களே. "கிராமத்துல ஒரு பாட்டிகிட்ட பத்தாயிரத்துக்கு அடிச்சேன் மச்சி"ன்னு நாம எத்தனை கதை கேட்டிருக்கோம், கேட்டு எத்தனை தடவ கை தட்டியிருக்கோம். அதுல அந்தப் பாட்டி எங்க போனாங்கன்னு நான் ஒரு நாளும் யோசிச்சதில்ல.

*

காலையில அத்தை வீட்டுக்குப் போனேன். முறத்துல முந்திரிப் பருப்பு பொறுக்கிக்கிட்டிருந்தாங்க. முழுப் பருப்பு ஒரு பக்கம், உடைஞ்சது ஒரு பக்கம். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியாம, "அத்தை, அந்த வண்டி ஐயாயிரம் இல்ல. நாப்பதாயிரம் போகும். பாய் சொன்னார். நேத்தே சொல்லியிருக்கணும், சொல்லல"ன்னு ஒரே மூச்சுல சொல்லி முடிச்சேன்.

அத்தை நிமிரவே இல்ல. "தெரியும் மாப்ள."

ஙே!

"திருச்சியில இருந்து ரெண்டு பேரு கார் போட்டுக்கிட்டு வந்தாங்க, ஐப்பசியில. முப்பத்தெட்டாயிரம் கையில வச்சுக்கிட்டு நின்னாங்க. எதுக்குப்பான்னு கேட்டா, என்ஜினையும் புக்கையும் மட்டும் எடுத்துக்கிட்டு மீதிய எடைக்குப் போட்டுருவோம்னாங்க. போங்கப்பான்னு அனுப்பிட்டேன்."

"அப்புறம் ஏன் என்கிட்ட ஐயாயிரம்னு..."

"சும்மா எடுத்துக்கிட்டுப் போங்கன்னா நீங்க எடுப்பீங்களா? மாப்ள இல்ல? அதான் ஒரு தொகை சொன்னேன்."

எனக்கு வாயில வார்த்தை வரல. அவங்க எனக்குக் கௌரவம் பாத்து ஒரு வெல வச்சிருக்காங்க. நான் அவங்கள ஏமாளின்னு நினைச்சு சந்தோஷப்பட்டிருக்கேன்.

அத்தை பருப்பப் பொறுக்கிக்கிட்டே பேசினாங்க. 2011 டிசம்பர் முப்பதாம் தேதி தானே புயல் அடிச்சதே, அதுக்கு மறுநாள் பண்ருட்டிப் பக்கம் ரோடு பூரா மரம். பஸ் கிடையாது. அங்க ஒரு வியாபாரிகிட்ட பணம் நின்னுச்சாம். மாமா வண்டிய எடுத்துக்கிட்டுப் போனவர் ராத்திரிதான் வந்தாராம். பணம் வாங்கல. அந்த ஆளோட முந்திரித் தோப்பு பூராவும் வேரோட சாஞ்சு கிடக்கறதப் பாத்துட்டு, கையில இருந்ததையும் குடுத்துட்டு வந்துட்டாராம். "நான் ரெண்டு நாளு பேசல அவருகிட்ட. இந்த வண்டிச் சத்தம் தெருமுனையில கேட்டா இன்னைக்கு எவ்வளவு தொலைச்சுட்டு வந்தாரோன்னுதான் முதல்ல தோணும்"னு சொல்லிச் சிரிச்சாங்க.

நான் கடைசியா சொன்னேன். "அத்தை, நாப்பதுன்னா எடுத்துக்கறேன். ஐயாயிரம்னா எடுக்க மாட்டேன். ரெண்டு தவணையில தர்றேன். பிரிக்க மாட்டேன். முதல்ல உங்க பேருக்கு மாத்துவோம், அதுக்கப்புறமும் மனசு மாறலன்னா எனக்கு."

குவைத்துல இருக்கற மச்சினனுக்குப் போன் போட்டோம். "வாரிசு சான்றிதழுக்கு என் பேப்பர் என்னென்ன வேணும்னு அனுப்புங்க மச்சான்"னான். நாப்பதப் பத்தி அத்தை ஒண்ணும் சொல்லல. முழுப் பருப்பு ஒரு கிலோ பொட்டலம் கட்டி தங்கமணி கையில குடுத்தாங்க.

*

ஆக, வாங்கறதுன்னு முடிவு. நஷ்டம்தான். ஆனா ஷீட்ட மறுபடியும் திறந்து ரெண்டு வரிய அடிச்சேன். குரோம் வேணாம். பெயிண்ட் வேணாம். திருவொற்றியூர்ல கையால வரைஞ்ச தங்கக் கோடு டேங்க்ல பாதி அழிஞ்சு பாதி இருக்கு, அந்தப் பாதியே போதும். "அடைக்கல மாதா துணை"யும் அப்படியே இருக்கட்டும். பதினேழாயிரத்தி ஐந்நூறு மிச்சம். ரிப்பேர் 61,500-க்கு வந்துருச்சு. பாய்க்குத்தான் வருத்தம். "புதுசு மாதிரி ஆக்கலாம் தம்பி"ன்னார். புதுசு மாதிரி வேணும்னா ஷோரூம்ல புதுசே விக்கறான், இதுக்கு ஆகுற செலவோட இன்னும் கொஞ்சம் போட்டா போதும்.

ஊருக்குக் கிளம்பற அன்னைக்கு காலையில நானும் பாயும் கொட்டகைக்குப் போனோம். டீசலும் ஆயிலும் ஊத்தி மூணு நாள் முடிஞ்சிருந்துச்சு. சென்டர் ஸ்டாண்டு போட்டு, டாப் கியர்ல வச்சு, பின் சக்கரத்த ரெண்டு பேரும் ரெண்டு பக்கம் பிடிச்சு ஆட்டினோம். ஒண்ணும் இல்ல. இன்னும் கொஞ்சம் ஊத்தினோம். மறுபடியும் ஆட்டினோம். வேர்த்து ஊத்துது. பாய் "அடுத்த தடவ பாத்துக்கலாம்"னு சொல்லிக்கிட்டிருக்கும்போதே "நொக்"னு ஒரு சத்தம். சக்கரம் ஒரு விரக்கடை நகந்துச்சு. அப்புறம் ஒரு சாண். அப்புறம் சுத்த ஆரம்பிச்சிருச்சு.

எண்ணெயத் துடைச்சு பிளக்கை மாட்டினோம். பாய் என்னைப் பாத்து, "இப்ப மிதிங்க, மெதுவா"ன்னார். பெட்ரோலும் இல்ல, பேட்டரியும் இல்ல. டிகம்ப்ரஸரப் பிடிச்சுக்கிட்டு கிக்கர அமுக்கினேன். எட்டு வருஷமா மூச்சு விடாம கிடந்த என்ஜின் "புஸ்ஸ்"னு ஒரு மூச்சு விட்டுச்சு. இன்னொரு தடவ அமுக்கினேன். புஸ்ஸ்.

திரும்பிப் பாத்தா அடுப்படி வாசல்ல அத்தை. கையில கரண்டி. எவ்வளவு நேரமா நிக்கறாங்கன்னு தெரியல.

"சாப்பிட வாங்க மாப்ள, ஆறிப் போவுது"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க.

டிஸ்கி: வாரிசு சான்றிதழுக்கு மனு போட்டாச்சு. உங்கள்ல யாராவது இறந்தவர் பேர்ல இருந்த வண்டிய ஃபார்ம் 31 போட்டு மாத்தியிருந்தா என்னென்ன கேட்டாங்கன்னு சொல்லுங்க, புண்ணியமாப் போகும். அப்படியே எழுவத்தெட்டு மாடல் டூல் பாக்ஸ் மூடி, இடது பக்கத்துது, எங்கயாவது கண்ணுல பட்டாலும் சொல்லுங்க. நியாயமான வெலைக்கு வாங்கிக்கறேன் :-)